மக்கள் நெருக்கம்தான் வங்கதேசத்தின் காடுகளை அழித்ததா?

சதுர கிலோமீட்டருக்கு ஆயிரம் பேருக்கு மேல் வாழும் வங்கதேசம் போன்ற நாட்டில் காடு அழிவது இயல்புதானே, மக்கள்தொகை குறையாமல் அங்கே காட்டைக் காக்க முடியுமா என்பது கேள்வி. மக்கள் நெருக்கம் காடுகளின் மேல் ஓயாத அழுத்தமாக இருப்பது உண்மை. ஆனால் அந்நாடு இழந்த பெரிய காடுகளை ஒவ்வொன்றாக எடுத்து, அது எந்த ஆண்டில், எதற்காக, யாருடைய ஆணையால் போனது என்று கேட்டுப் பார்த்தால், விடையாக வருவது பெரும்பாலும் மக்கள்தொகை அல்ல. ஓர் அணை, ஓர் ஆலை, ஒரு கடன் திட்டம், ஒரு குத்தகை, ஓர் ஏற்றுமதிச் சந்தை என்றுதான் வருகிறது. இந்த வேறுபாடு முக்கியமானது என்று நான் கருதுகிறேன். காரணத்தைத் தவறாகச் சொன்னால் காட்டின் ஓரத்தில் வாழும் ஏழையின் மேல் பழி விழும். காட்டை உண்மையில் எடுத்தவர் கணக்கில் வரவே மாட்டார்.

முதலில் அளவுகளைப் பார்ப்போம். வங்கதேசத்தின் பரப்பு ஏறத்தாழ 1,47,570 சதுர கிலோமீட்டர். 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கே 16.5 கோடிக்கும் மேற்பட்டோர் வாழ்கின்றனர். ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 2020-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி காடு என்று சொல்லத்தக்க நிலம் சுமார் 18.8 லட்சம் ஹெக்டேர், அதாவது நிலப்பரப்பில் 14.5 விழுக்காடு. ஆளுக்குப் பங்கிட்டால் ஏறத்தாழ 114 சதுர மீட்டர்தான் வரும். ஆனால் இந்தச் சராசரி நமக்கு அதிகம் சொல்வதில்லை, ஏனென்றால் காடு நாடெங்கும் பரவி நிற்கவில்லை. தென்மேற்கில் சுந்தரவனம், தென்கிழக்கில் சிட்டகாங் மலைப்பகுதி, நடுவே டாங்காயில், காசிப்பூர் வட்டாரங்களில் எஞ்சியிருக்கும் சால் மரக் காடுகள், வடகிழக்கில் சில்ஹெட் பக்கம் சில துண்டுகள் என்று அது சில பகுதிகளில் ஒதுங்கியிருக்கிறது. இடையில் உள்ள வண்டல் சமவெளி பல நூற்றாண்டுகளாக உழவுக்கு உட்பட்ட நிலம். அங்கே இன்று அழிய வேண்டிய காடு என்று எதுவும் கிடையாது. ஆகவே அந்நாட்டின் காடழிவு என்பது அரசு நிலமாகவோ பழங்குடியினரின் பொது நிலமாகவோ இருந்த இந்தப் பகுதிகளின் வரலாறுதான்.

சோற்றுக்காகக் காடு அழிந்தது என்ற எளிய விளக்கம் நெல் கணக்கின் முன் நிற்பதில்லை. 1971-ல் விடுதலை பெற்றபோது அந்நாட்டின் மக்கள்தொகை ஏழு கோடிக்குச் சற்று மேல். அரிசி உற்பத்தி ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு கோடி டன். இன்று மக்கள்தொகை இரு மடங்குக்கும் மேல், அரிசி உற்பத்தியோ மூன்றரைக் கோடி டன்னைத் தாண்டிவிட்டது. இந்தப் பெருக்கம் புதிய நிலத்தைத் திருத்தி வந்ததல்ல. சாகுபடி நிலம் வீடுகளுக்கும் சாலைகளுக்கும் போய்ச் சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது. மழையில்லாத மாதங்களில் நீர் இறைத்துப் பயிரிடும் போரோ எனும் நெல் பருவமும் குறுகிய கால நெல் ரகங்களும் ஒரே வயலில் இரண்டு மூன்று போகம் எடுக்க வழிசெய்ததால் வந்த விளைச்சல் அது. இதே காலத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தைகள் எண்ணிக்கை ஆறுக்கு மேலிருந்து ஏறத்தாழ இரண்டாகக் குறைந்தது. உணவுக்கான நிலத் தேவையும் மக்கள்தொகை வளர்ச்சி வேகமும் இப்படித் தணிந்துவந்த அந்த ஆண்டுகளில்தான் சில காடுகள் முற்றாக இல்லாமல் போயின.

அவற்றில் மிகத் தெளிவான எடுத்துக்காட்டு சக்காரியா சுந்தரவனம். காக்ஸ் பஜார் மாவட்டத்தில் மாதாமுகுரி ஆற்றின் கழிமுகத்தில் எட்டாயிரம் ஹெக்டேருக்கும் மேல் பரந்திருந்த அலையாத்திக் காடு அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே காப்புக் காடாக அறிவிக்கப்பட்டு, விறகும் மீனும் எடுக்கப்பட்டும் பல பத்தாண்டுகள் நிலைத்து நின்றது. 1970-களின் இறுதியிலிருந்து அதை இறால் பண்ணைகளுக்குக் குத்தகைக்கு விடத் தொடங்கினார்கள். உறைந்த இறாலுக்கு வெளிநாட்டில் நல்ல விலை கிடைத்தது, அந்நியச் செலாவணி அரசுக்கு வேண்டியிருந்தது, பன்னாட்டு வளர்ச்சி வங்கிகளின் கடனுதவித் திட்டங்களும் துணை நின்றன. இருபது ஆண்டுகளுக்குள் அங்கே காடு என்று சொல்ல அடையாளத்துக்குச் சில மரங்களே மிஞ்சின. குத்தகை பெற்றவர்களில் நிலமற்ற உள்ளூர்க்காரர்களை விட வெளியூர்ச் செல்வாக்கினரே மிகுதி. கரை கட்டிக் கடல் நீரைத் தேக்கிய பின் மண்ணில் அமிலமும் உப்பும் ஏறின. நோய் வந்து இறால் விளைச்சலும் பல இடங்களில் வீழ்ந்தது. 1991 ஏப்ரல் 29 அன்று சிட்டகாங் கடற்கரையைத் தாக்கிய புயலில் ஏறத்தாழ 1,38,000 பேர் உயிரிழந்தபோது, அலையின் வேகத்தை ஓரளவேனும் முறித்திருக்கக்கூடிய மரங்கள் சக்காரியாவில் இல்லை. இந்த அழிவை மக்கள் நெருக்கத்தின் கணக்கில் எழுதுவது அங்கே மாண்டவர்களுக்குச் செய்யும் அநீதி என்றே நினைக்கிறேன்.

சிட்டகாங் மலைப்பகுதி இன்னும் சிக்கலானது. ரங்காமாட்டி, காக்ராச்சரி, பந்தர்பன் என்ற மூன்று மாவட்டங்களும் சேர்ந்து சுமார் 13,000 சதுர கிலோமீட்டர். நாட்டின் பரப்பில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவு. சக்மா, மர்மா, திரிபுரா, முரோ முதலிய மக்கள் அங்கே புனம் மாற்றிப் பயிரிடும் ஜூம் முறையில் வாழ்ந்துவந்தனர். சரிவில் ஒரு துண்டைத் திருத்தி எரித்து, நெல்லும் பருத்தியும் பூசணியும் எள்ளும் கலந்து விதைத்து, ஓரிரு ஆண்டு விளைச்சலுக்குப் பின் அதைப் பத்து, பதினைந்து ஆண்டுகள் தரிசாக விட்டுவிடுவார்கள். அதற்குள் மூங்கிலும் மரமும் மீண்டும் எழுந்துவிடும். ஆங்கிலேயர் காலத்திலேயே இந்த முறைக்குக் காட்டை அழிப்பது என்ற கெட்ட பெயர் சூட்டப்பட்டது. அதே நிர்வாகம் 1871-லேயே பர்மாவிலிருந்து வந்த விதைகளைக் கொண்டு காப்தாய் பகுதியில் தேக்கு நட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இயற்கைக் காட்டை வெட்டி எரித்து ஒரே மரத்தை நிரையாக நடுவது வனவியல், வெட்டி எரித்து நெல் விதைத்துவிட்டுக் காட்டைத் திரும்ப வரவிடுவது அழிவு என்ற இந்தப் பார்வை விடுதலைக்குப் பின்னும் நெடுங்காலம் மாறவில்லை.

ஜூம் முறை உடைந்தது 1962-ல் கட்டி முடிக்கப்பட்ட காப்தாய் அணையால். கர்ணபூலி ஆற்றின் குறுக்கே எழுந்த அந்த நீர்மின் அணை சுமார் 54,000 ஏக்கர் பள்ளத்தாக்கு வயல்களை மூழ்கடித்தது. மலைப்பகுதியில் ஏரால் உழத்தக்க நிலத்தில் அது ஏறத்தாழ 40 விழுக்காடு. ஒரு லட்சம் பேர் அளவில் இடம்பெயர்ந்தனர், அவர்களில் பெரும்பான்மையோர் சக்மாக்கள். வயலை இழந்தவர்களில் பலர் சரிவுகளுக்கு ஏறினார்கள். 1953-ல் சந்திரகோனாவில் தொடங்கப்பட்ட காகித ஆலைக்கு மூங்கில் காடுகள் அதற்கு முன்பே ஒதுக்கப்பட்டிருந்தன. 1970-களின் இறுதியிலிருந்து சமவெளியின் நிலமற்ற வங்காளிகளை லட்சக்கணக்கில் அரசே மலைக்குக் கொண்டுவந்து குடியேற்றியது. இத்தனை நெருக்கடிக்குள் தரிசுக் காலம் மூன்று, நான்கு ஆண்டுகளாகச் சுருங்கியது. மூன்றாண்டில் எந்தக் காடும் எழாது. பின்னால் வந்து பார்த்தவர்களுக்கு வெறுமையான சரிவும் அதில் நெருப்பு வைக்கும் மலைவாசியும் தெரிந்தார்கள். நீருக்குள் கிடக்கும் வயல்கள் தெரியவில்லை. அணையும் ஆலையும் குடியேற்றமும் அரசு முடிவுகள். மலையில் இன்று காணும் நெருக்கடி பெருமளவுக்கு வெளியிலிருந்து அங்கே கொண்டுவந்து இறக்கப்பட்டது.

அதே மலைகளில் ஊர்ப் பொதுக் காடுகள் எஞ்சியிருப்பது இதற்கு மறுபக்கச் சான்று. ஓர் ஊரார் தங்கள் நீரூற்றைச் சுற்றி, மூங்கிலுக்கும் வீட்டு மரத்துக்கும் மருந்துச் செடிக்குமாக விட்டுவைத்துத் தாங்களே விதி வகுத்துக் காக்கும் சிறு காடுகள் அவை. அருகிலுள்ள காப்புக் காடு மொட்டையாகக் கிடக்க, இந்தத் துண்டுகள் மட்டும் அடர்ந்து நிற்கும் இடங்கள் பல உண்டு. ஆனாலும் பெரும்பாலானவற்றுக்கு எழுத்தில் உரிமை இல்லை. ரப்பருக்கோ பழத்தோட்டத்துக்கோ வெளியார் குத்தகை கேட்டு வரும்போது ஊரார் காட்டுவதற்குப் பட்டா கிடையாது. 1997-ல் கையெழுத்தான மலைப்பகுதி உடன்படிக்கை நிலத் தகராறுகளைத் தீர்க்க ஆணையம் அமைப்பதாகக் கூறியது. ஆணையம் அமைக்கப்பட்டும் தகராறுகள் தீராமலே கிடக்கின்றன.

நடுநாட்டின் சால் காடுகளில் மக்கள் நெருக்கம் நேரடியாகவே உறைக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். டாக்காவிலிருந்து சில மணி நேரப் பயண தூரத்தில், நான்கு பக்கமும் ஊர்களும் வயல்களும் சூழ, காடும் பள்ள வயலும் மாறி மாறி வரும் நிலப்பகுதி மதுப்பூர். 1950-ஆம் ஆண்டு நில உரிமைச் சட்டத்தால் ஜமீன்தார்களின் காடுகள் அரசிடம் வந்தபோது எல்லைகள் சரிவர அளக்கப்படவில்லை. ஒரே நிலம் வனத்துறைப் பதிவிலும் தனியார் ஆவணத்திலும் இருக்கும் நிலை அன்று தொடங்கியது. பத்திரத்தைத் திருத்த முடிந்தவர்களுக்கு அது வாய்ப்பாகவும் அமைந்தது. காசிப்பூர்ப் பக்கம் ஆலைகளும் உல்லாச விடுதிகளும் காட்டு நிலத்துக்குள் நுழைந்தது இந்தக் குழப்பத்தின் வழியேதான்.

சால் மரம் வெட்டினாலும் அடிக்கட்டையிலிருந்து துளிர்க்கும். தீயிடாமல், வேரைத் தோண்டாமல், மாடு மேயவிடாமல் சில ஆண்டுகள் காத்தாலே காடு தானாக மீளும், நடவே தேவையில்லை. இவ்வளவு எளிதில் மீளக்கூடிய காட்டில் 1980-களில் ரப்பர் தோட்டம் போட்டார்கள். அதன் பின் ‘சமூகக் காடு வளர்ப்பு’ என்ற பெயரில் ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனோடு அகேசியாவும் யூகலிப்டஸும் நடப்பட்டன. பத்தாண்டுக்கு ஒரு முறை வெட்டி, வருமானத்தில் 45 விழுக்காடு பங்கேற்ற குடும்பங்களுக்கும் 10 விழுக்காடு மறுநடவு நிதிக்கும் என்று பின்னர் விதி வகுத்தார்கள். ஏழைக் குடும்பங்களின் கையில் பணம் சேர்ந்தது என்பதை நான் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. சாலையோரங்களிலும் கால்வாய்க் கரைகளிலும் இத்திட்டம் நல்ல பலனே தந்தது. ஆனால் நடவுக்கு இடம் வேண்டுமென்று சால் கட்டைகளையே பிடுங்கி எறிந்த இடங்களில், மீளக்கூடிய காடு ஒருபோதும் மீளாத தோப்பாகிவிட்டது. அதைத் தொடர்ந்து அன்னாசியும் வாழையும் பூச்சிக்கொல்லியோடு உள்ளே வந்தன. அங்கே தலைமுறைகளாக வாழ்ந்துவரும் காரோ பழங்குடி மக்கள் காட்டைச் சுற்றிச் சுவர் எழுப்பிச் சூழல் பூங்கா அமைக்கும் திட்டத்தை எதிர்த்து 2004 ஜனவரி 3 அன்று ஊர்வலம் போனபோது, துப்பாக்கிச் சூட்டில் ஓர் இளைஞர் கொல்லப்பட்டார். காட்டைக் காப்பாற்றுவதற்கென்று சொல்லப்பட்ட திட்டத்தில், அந்தக் காட்டோடு வாழ்ந்தவர்களின் ஒப்புதல் கேட்கப்படவில்லை.

யூகலிப்டஸ், ஆகாஷ்மணி என்று அங்கே அழைக்கப்படும் அகேசியா ஆகியவற்றின் கன்றுகளை வளர்க்கவும் விற்கவும் நடவும் 2025 மே மாதத்தில் வங்கதேச அரசு தடை விதித்தது. காலம் கடந்த முடிவுதான். ஆயினும் சரியான முடிவு.

இனி சுந்தரவனம். நெருக்கம்தான் காட்டை அழிக்கும் என்றால் முதலில் அழிந்திருக்க வேண்டியது இதுதான். வங்கதேசப் பக்கம் மட்டும் நீர்ப்பரப்பையும் சேர்த்து ஏறத்தாழ 6,000 சதுர கிலோமீட்டர். அதன் எல்லையை ஒட்டியே லட்சக்கணக்கானோர் வாழ்கின்றனர். பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் குத்தகைக்கு விட்டு வெட்டித் திருத்தியதில் வடபகுதி போனது. 1870-களில் காப்புக் காடாக அறிவிக்கப்பட்ட பிறகு அதன் வெளி எல்லை பெரிதாக மாறவில்லை. உப்பு மண்ணும் புலியும் காவலாக இருந்தன என்பது ஒரு பாதி. அனுமதிச் சீட்டுடன் பருவத்துக்கு உள்ளே போய்த் தேன், கோல்பாத்தா எனும் நீர்ப்பனை ஓலை, மீன், நண்டு எடுத்துத் திரும்பும் பிழைப்பு முறை மறு பாதி. உள்ளே குடியிருப்பு இல்லை. வெளியே இருப்பவர்களுக்குக் காட்டோடு உறவு அறுபடவும் இல்லை. காட்டுக்குள் நுழையுமுன் இந்துக்களும் முஸ்லிம்களும் ஒன்றாக வணங்கும் பொன்பீபி எனும் வனதேவதை, தேவைக்கு மேல் எடுப்பவனைத் தண்டிப்பாள் என்ற நம்பிக்கையும் அந்த மக்களிடம் உயிரோடு இருக்கிறது. 1997-ல் இதன் மூன்று சரணாலயங்கள் உலகப் பாரம்பரியச் சின்னமாயின. வங்கதேசப் பகுதியில் புலிகளின் எண்ணிக்கை 2015-ல் 106, 2018-ல் 114, 2024-ல் 125 என்று கணிக்கப்பட்டிருக்கிறது.

எல்லை மாறாவிட்டாலும் உள்ளே காடு மெலிந்திருக்கிறது. குல்னாவில் 1959 முதல் 2002 வரை ஓடிய செய்தித்தாள் காகித ஆலைக்காகக் கேவா மரம், அதாவது நம் ஊர்த் தில்லை, பெருமளவில் வெட்டப்பட்டது. சுந்தரி எனும் அலையாத்தி மரங்கள் உச்சியிலிருந்து பட்டுக் கீழ்நோக்கிக் காய்ந்துவரும் நோயால் பரவலாக மடிந்தன. அந்நோய்க்குப் பல காரணங்கள் சொல்லப்பட்டாலும் நன்னீர்க் குறைவு அவற்றுள் முதன்மையானது. மேற்கு வங்கத்தில் ஃபராக்கா தடுப்பணை 1975-ல் இயங்கத் தொடங்கியபின், கங்கையிலிருந்து கொராய் ஆற்றின் வழியே கோடையில் வந்துகொண்டிருந்த நன்னீர் வற்றியது, உப்பு மேலேறியது. உப்பை அதிகம் தாங்காத சுந்தரி பின்வாங்க, உப்பைத் தாங்கும் குட்டை மரங்கள் அந்த இடத்தைப் பிடிக்கின்றன. செயற்கைக்கோள் படத்தில் பச்சை அப்படியே இருக்கும், காடு வேறாகியிருக்கும். 2007-ல் சித்ர் புயலும் 2009-ல் ஐலா புயலும் வந்தபோது அடியை முதலில் வாங்கியது இக்காடுதான். இத்தகைய காட்டிலிருந்து பதினான்கு கிலோமீட்டர் அளவே தள்ளி ராம்பாலில் 1,320 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் கட்டி, கரிக் கப்பல்களை அதன் ஆறுகள் வழியே விடுவதை என்னால் எவ்வகையிலும் ஏற்க முடியவில்லை. 2014 டிசம்பரில் சுந்தரவனத்துச் சேலா ஆற்றில் கப்பல் மூழ்கிக் கொட்டிய எண்ணெயைச் சுற்றுப்புறக் கிராமத்தார் கைகளாலும் பானைகளாலும் அள்ளிய பின்னும் அந்தத் திட்டம் நிறுத்தப்படவில்லை.

மனிதர்களின் எண்ணிக்கையே காட்டை அழித்த இடம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அது காக்ஸ் பஜார் மாவட்டத்தின் உக்கியா, டெக்னாஃப் பகுதி. 2017 ஆகஸ்டுக்குப் பின் மியன்மாரிலிருந்து உயிர் தப்பி வந்த ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா மக்களுக்குக் காட்டுக் குன்றுகளைத் தவிர வேறு இடம் அங்கே இல்லை. சில மாதங்களில் இரண்டாயிரம் ஹெக்டேருக்கும் மேல் காடு குடிசைகளாக மாறியது. விறகுக்காக மரத்தின் வேர்க்கட்டைகளையும் தோண்டினார்கள். யானை வழித்தடத்தின் குறுக்கே முகாம் விழுந்ததால் யானை மிதித்துப் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். புகலிடம் கொடுத்ததைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அது அந்நாட்டின் பெருந்தன்மை. கவனிக்க வேண்டியது அதன் பிறகு நடந்தது. 2018-ன் இறுதியிலிருந்து முகாம் குடும்பங்களுக்கும் அக்கம்பக்கத்து ஊர்களில் பலருக்கும் சமையல் எரிவாயு உருளை வழங்கினார்கள். விறகுத் தேவை செங்குத்தாகச் சரிந்தது, குன்றுகளில் புல்லும் மரக்கன்றும் நட்டார்கள், பச்சை ஓரளவு திரும்பியது. அத்தனை பேரும் அங்கேயேதான் இருந்தார்கள். மாறியது அடுப்பு மட்டுமே. அந்த உருளைக்கான நிதி ஆண்டுதோறும் நன்கொடையாளர்களின் தயவில் இருக்கிறது என்பதுதான் கவலை தருவது.

நெருக்கம் மரத்தை வளர்க்கவும் செய்கிறது என்பதை இக்கேள்வி கேட்பவர்கள் பெரும்பாலும் கருதுவதில்லை. நீருக்கு மேல் மண்ணைத் தூக்கிக் கட்டிய வீட்டு மேட்டைச் சுற்றிப் பலா, மா, கமுகு, தென்னை, மூங்கில் என்று அடர்ந்து வளர்வதே வங்கக் கிராமத்தின் தோற்றம். நாட்டின் மரத் தேவையிலும் விறகிலும் பெரும் பங்கு அரசுக் காடுகளிலிருந்து வருவதில்லை. இந்த வீட்டுத் தோட்டங்களிலிருந்து வருகிறது. அதோடு வைக்கோல், சணல் குச்சி, வறட்டி ஆகியவையும் சேர்ந்துதான் கிராமத்து அடுப்பு எரிகிறது. நிலம் தன்னுடையது, மரத்தின் பயன் தன் பிள்ளைக்குப் போகும் என்ற உறுதி இருக்குமிடத்தில் சிறு நிலக்காரன் மரம் வைக்கிறான். கடலோரத்திலும் இதற்கு இணையான வேலை நடந்திருக்கிறது. புதிதாக எழும் வண்டல் திட்டுகளில் 1966 முதல் வனத்துறை கேவரா முதலிய அலையாத்தி மரங்களை நட்டுவருகிறது. நட்ட பரப்பு ஏறத்தாழ இரண்டு லட்சம் ஹெக்டேர். புயலுக்கு அரணாகவும், மண்ணை நிலைநிறுத்திப் புது நிலம் உருவாக்கவும் அது உதவியிருக்கிறது. உலகிலேயே இவ்வளவு பெரிய அளவில் இதை முன்கூட்டித் தொடங்கிய நாடுகள் மிகச் சில.

ஆகவே, மக்கள்தொகை குறையாமல் காட்டைக் காக்க முடியுமா என்ற இரண்டாம் பகுதிக்கு என் பதில், முடியும் என்பதே. இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதற்கு 1989 முதல் தடை இருக்கிறது. செங்கல் சூளைகளில் விறகு எரிப்பதைச் சட்டம் தடுக்கிறது. எழுதிய சட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் அதே அரசு காட்டு நிலத்தைச் சாலைக்கும் முகாம்களுக்கும் பயிற்சி நிலையங்களுக்கும் எடுத்துக் கொடுக்கும்போது அந்தச் சட்டம் பேசுவதில்லை. 2023-ன் இறுதியில் திறக்கப்பட்ட காக்ஸ் பஜார் ரயில் பாதை சுனத்தி சரணாலயத்தின் ஊடே போகிறது. யானைகளுக்கென்று மேலே ஒரு பாலம் கட்டியும், ஓராண்டுக்குள் ஒரு யானைக் குட்டி ரயிலில் அடிபட்டு இறந்தது.

முதலில் செய்ய வேண்டியவை என்று நான் கருதுவன மூன்று. மலைப்பகுதியின் ஊர்ப் பொதுக் காடுகளுக்கு ஊரார் பெயரில் எழுத்துரிமை தர வேண்டும். சால் காடுகளில் நடவை நிறுத்திவிட்டு, மிஞ்சியிருக்கும் அடிக்கட்டைகளை வளரவிட்டு, காவலுக்கான கூலியைக் காரோ, கோச் பழங்குடிக் குடும்பங்களுக்கே கொடுக்க வேண்டும். மூன்றாவது சுந்தரவனத்துக்கான நீர். அது வங்கதேசத்தின் கையில் மட்டும் இல்லை. இந்தியாவும் வங்கதேசமும் 1996 டிசம்பர் 12 அன்று கையெழுத்திட்ட கங்கை நீர்ப் பகிர்வு உடன்படிக்கை முப்பது ஆண்டுகளுக்கானது. 2026 டிசம்பரோடு அதன் காலம் முடிகிறது. உழவுக்கும் கொல்கத்தா துறைமுகத்துக்கும் இவ்வளவு என்று கணக்கிடுகிறவர்கள், கோடை மாதங்களில் கொராய் ஆற்றில் சுந்தரி மரத்துக்கென்று விட வேண்டிய நீரையும் ஓர் அளவாக அடுத்த உடன்படிக்கையில் எழுத வேண்டும் என்று இரு நாட்டிலும் உள்ள சூழலியலாளர்கள் இப்போதே வலியுறுத்த வேண்டும்.